பச்சைப் பெட்டி

நியூயார்க்கில் 34ஆம் தெருச் சுரங்க ரயில் நிலையம். எனக்கும் மனைவிக்கும் காலையிலிருந்தே பேச்சில்லை. காரணம் அற்பம், எழுத வெட்கமாயிருக்கிறது. பிளாட்பாரத்தில் தலைக்கு மேல் நீளமாக ஒரு பச்சைப் பெட்டி தொங்கிற்று. காற்றுக் குழாய் என்று நினைத்தேன். அவளுக்கு என்ன தோன்றிற்றோ, அதன் துளைக்கு நேரே கையை உயர்த்தினாள். மேலேயிருந்து புல்லாங்குழல் நாதம்!

கட்டடக் கலையும் இசையும் கற்ற கிறிஸ்டோபர் ஜான்னி என்பவர் 1990களில் செய்துவைத்த வேலை இது. ஒளிக்கதிரைக் கை மறித்தால் ஒலி பிறக்கும். எதிர்ப் பிளாட்பாரத்திலும் ஒன்று உண்டு. அங்கிருந்த கிழவர் ஒருவர் தொப்பியை உயர்த்திப் பதில் வாசித்தார். இவள் சிரித்துவிட்டாள்.

“நீங்களும்தான் தூக்குங்களேன்!”

நாலு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சம். தூக்கினேன். ரயில் வந்தது, நாங்கள் ஏறவில்லை.