பின் இல்லாத பிரிட்ஜ்

2025 பிப்ரவரி 2, ராமோஜி ஃபிலிம் சிட்டி. பாடகர் எட் ஷீரன் மேடைக்கு வந்ததும் கூட்டமே அவர் முகத்தைப் பார்த்தது. நாங்கள் நான்கு பேர் பெரிய திரையில் கிதாரின் பிரிட்ஜைத் தேடினோம். கேமரா நெருங்கியது. கம்பிகளைப் பிடித்துவைக்கும் ஆறு பின்கள் அங்கே இல்லை. "லோடன்டா!" என்று நண்பன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

வட அயர்லாந்தில் ஜார்ஜ் லோடன் 1974இல் செய்யத் தொடங்கிய கிதார்கள் அவை. கம்பியைப் பின்பக்கமாக பிரிட்ஜுக்குள் கோத்துவிடுவார்கள். ஷீரனை உலகம் முதலில் பார்த்தது குட்டி மார்ட்டின் கிதாரோடு. பிறகுதான் லோடனோடு சேர்ந்து தன் பெயரிலேயே கிதார்கள் கொண்டுவந்தார்.

அன்று மேடையில் கிதாரின் சின்ன உடலைத் தட்டி ஒரு தாளம், அதன்மேல் ஸ்ட்ரம்மிங், அதற்கும் மேல் குரல். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் லூப் பெடல் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போக, ஒற்றை ஆள் ஒரு குழுவாக மாறினார். நம் கடத்தில் விரல் விழும் இடத்துக்கேற்ப நாதம் மாறுமே, அந்த நுட்பத்தை அந்த மரத்திலும் கேட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

அறைக்குத் திரும்பும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. நண்பன் தூங்கவில்லை. தன் பழைய கிதாரை மடியில் சாய்த்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி, விரல் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.