லேடி சாட்டர்லிக்கு ஒரு நெக்ரோனி

ஃபுளோரன்ஸ் நகருக்கு ஓவியம் பார்க்கத்தான் போவார்கள். நான் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலோடு போனேன்.

டி.எச்.லாரன்ஸ் அதை எழுதியது இந்நகருக்கு வெளியே ஒரு குன்றுப்புற வீட்டில். சீமாட்டிக்கும் வேட்டைக்காட்டுக் காவலாளிக்கும் இடையிலான காதலை அவ்வளவு பச்சையாக வெளியிட இங்கிலாந்துப் பதிப்பாளர்கள் துணியவில்லை. 1928ல் இங்கேதான் 1,000 பிரதிகள் அச்சாயின. அச்சுக்கோத்தவர்களுக்கு ஆங்கிலமே தெரியாது! இங்கிலாந்தில் முழு நூலும் கடைக்கு வர 1960ல் லண்டன் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

மாலையில் தொர்னபுவோனி தெருப் பக்கம் ஒரு நெக்ரோனி. ஜின், கம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு, ஐஸ், ஆரஞ்சுத் துண்டு. 1919 வாக்கில் இத்தெருக் காப்பிக்கடையில் நெக்ரோனி பிரபு, ‘அமெரிக்கானோ’ பானத்தில் சோடாவுக்குப் பதில் ஜின் ஊற்றச் சொன்னாராம். இத்தாலியக் கசப்பில் ஆங்கிலேயர் விரும்பும் ஜின். இத்தாலிய அச்சில் ஆங்கிலேயக் காதல். காதல் கதை என்றாலே ரோஜாப்பாகு கலந்து நீட்டும் பார்கள் இதைக் கவனிக்கலாம். இந்தக் கதையில் இனிப்பு குறைவு. கணவன் கிளிஃபர்டு போரில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவன்.

எதிரே ஆரஞ்சு ஜூசுடன் என் மனைவி நாவலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கிளிஃபர்டு பாவம்ங்க,” என்றார். நாற்பதாம் பக்கம்கூடத் தாண்டவில்லை. காவலாளி பக்கம் பேச நான் வாய் திறப்பதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.