ஸ்ரீமுஷ்ணத்தில் ஓர் அந்திப்பொழுது

தை மாதக் கடைசியில் ஸ்ரீமுஷ்ணம் சென்றுவரும் பேறு கிட்டியது. திருச்சியிலிருந்து ரயிலில் விருத்தாசலம். அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். பேரக்குழந்தை பிறந்தால் குழந்தையம்மன் சந்நிதிக்கு அழைத்து வருவதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். மகளும் ஐந்து மாதப் பேத்தியும் உடன் வந்தனர்.

பெருமாள் தாமே தோன்றிய எட்டுத் தலங்களுள் இஃது ஒன்று. பூவராகரின் சாளக்கிராமத் திருமேனி அளவில் சிறியது. கரங்களை இடுப்பில் ஊன்றி, மேற்கு நோக்கி நின்று, திருமுகத்தை மட்டும் தெற்கே திருப்பியிருக்கிறார். நீரில் ஆழ்ந்த பூமியை மீட்டு வந்தவரின் மிடுக்கு அது. எனக்கோ அன்று மீட்க வேண்டியிருந்தது, மகளின் உறக்கத்தை.

மூன்று வாரங்களாக அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் உறங்கியதில்லை. வரிசையில் நிற்கும்போதே கண் செருகித் தூணில் சாய்ந்தாள். கையிலிருந்து குழந்தை நழுவப் போனதை என் மனைவி பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நடுங்கிவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தோம். மனைவி வசம்பு உரைத்துப் புகட்டலாம் என்றாள். நான் கேழ்வரகுக் கூழ் என்றேன். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் அன்றி வேறெதுவும் கூடாது என்று குழந்தை மருத்துவர் எங்கள் இருவரையும் கண்டித்திருந்தார்.

அன்று அவ்வூரிலேயே தங்கினோம். அந்தியில், நாயக்கர் காலத்துப் புருஷசூக்த மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது குழந்தை வீறிட்டது. அருகில் வந்த முதிய பட்டர், "பெருமாளுக்கே பள்ளியறைக்கு ஒரு நேரம் உண்டே, இவளுக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

எங்களிடம் விடை இல்லை. எட்டு மணிக்குத் தொலைக்காட்சித் தொடர், ஒன்பதுக்கு என் செய்திகள், பத்துக்கு அயலூரிலிருந்து மாப்பிள்ளையின் வீடியோ அழைப்பு. அத்தனைக்கும் குழந்தை சாட்சி!

மற்றொரு வராக க்ஷேத்திரமான திருமலையை எண்ணிப் பார்த்தேன். அங்கே ஏகாந்த சேவையில் போக சீனிவாசரை ஊஞ்சல் கட்டிலில் கிடத்தி, அன்னமாச்சாரியாரின் தாலாட்டைப் பாடுகிறார்கள். நாள்தோறும் அதே முறை, அதே வரிசை. பிறந்த குழந்தைக்குப் பகலும் இரவும் ஒன்றே. மூன்று மாதமளவில்தான் வேறுபாடு உடலுக்குப் பிடிபடத் தொடங்குகிறது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலிலேயே உறக்கத்துக்குரிய மெலடோனின் கலந்திருக்கிறது. அதற்கேற்ப இருளையும் அமைதியையும் தர வேண்டியவர்கள் நாமல்லவா?

ஊர் திரும்பியதும் ஏழு மணிக்குக் கூடத்து விளக்கைத் தணித்தோம். வெதுவெதுப்பான நீரில் துடைத்துவிடுதல், பால், பிறகு என் மனைவியின் குரலில் பெரியாழ்வார் தாலாட்டு. கண் முற்றும் மூடுமுன்பே படுக்கையில் விட்டுவிடுவோம். தூளியில் இரவு முழுதும் கிடத்துவதை மருத்துவர் ஏற்கவில்லை. தலை மடங்கி மூச்சு தடைப்படலாமாம். தலையணையின்றி, கெட்டியான சமதளப் படுக்கையில் மல்லாந்து படுக்க வேண்டும் என்றார். நான் தூளியில் வளர்ந்தவன். ஆணியிலிருந்து அதை அவிழ்க்கையில் சற்று வருத்தமாகவே இருந்தது.

முதல் நான்கு இரவுகள் பழைய கதைதான். பத்தாம் நாளுக்குள், நள்ளிரவில் ஒரு முறையும் விடியலில் ஒரு முறையும் மட்டுமே விழித்துப் பால் குடித்தாள். இந்த வயதில் அது இயல்பே என்றார் மருத்துவர்.

மாசி மகத்துக்குப் பூவராகர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். சேவிக்கப் போகலாமா என்று மகளிடம் கேட்டேன். ஏழு மணிக்குள் திருச்சி திரும்புவதானால் வருகிறாளாம்.