பலூன் வந்து சேரும் நேரம்

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவரைப் பின் இருக்கையில் சாய்த்துச் சேலத்துக்கு இறங்கும் ஓட்டுநருக்கு எண்ணுகிற பொறுமை இருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்தபோது அந்த வழியும் அடைபட்டது.

கீழே, இதயத் தமனி அடைப்பைத் திறக்கும் கேத் லேபில் அந்த நோயாளிக்காக வைத்திருக்கும் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தால், இதற்கா இவ்வளவு அவசரம் என்றுதான் தோன்றும். நீளமான மெல்லிய குழாய். நுனியில் மடித்துச் சுருட்டிய பலூன். அதன்மேல் இறுகக் கவ்வியிருக்கும் உலோக வலைதான் ஸ்டென்ட். அதன் கம்பி தலைமுடிக் கனம். குழாய் மணிக்கட்டு நாடி வழியே நுழைந்து, 0.36 மில்லிமீட்டர் வயர் ஒன்றின்மேல் வழுக்கிக்கொண்டு இதயத் தமனிக்குப் போகும். பலூனில் பதித்த இரண்டு பொட்டுகள் எக்ஸ்ரே திரையில் கருப்பாகத் தெரியும். அடைப்பு அவற்றுக்கு நடுவே வந்துவிட்டதா என்பதை வைத்துத்தான் மருத்துவர் இடம் குறிக்கிறார். பிறகு வெளியே இருக்கும் திருகுப்பிடி சிரிஞ்சைத் திருகுவார். உள்ளே போவது காற்றல்ல, சாயம் கலந்த உப்புநீர். பலூன் கிழிந்தாலும் ரத்தத்தில் காற்றுக்குமிழி கலக்கக் கூடாதே. அழுத்தமானியின் முள் 10, 12 வளிமண்டலத்தைத் தொடும். கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு! வலை விரிந்து தமனிச் சுவரில் பதியும். அந்தச் சில நொடிகள் நோயாளிக்கு நெஞ்சு இறுகலாம். பலூன் சுருங்கி வந்த வழியே திரும்பிவிடும். வலை அங்கேயே தங்கிவிடும்.

ஆண்ட்ரியாஸ் குரூன்ட்ஸிக் தன் வீட்டுச் சமையலறையில் பலூன் செய்து பழகி, 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் முதல் இதயத் தமனியைத் திறந்தார். வலை சேர்ந்தது 1986இல். இந்தியாவில் இந்தச் சிகிச்சையை வேரூன்றச் செய்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் பணியாற்றிய டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என உச்சவரம்பு வைத்தது. விலை இறங்கியது. நேரம்?

ஈசிஜியில் பெரிய மாரடைப்பு தெரிந்தால் 120 நிமிடத்துக்குள் பலூன் விரிய வேண்டும் என்பது கணக்கு. முடியாது என்று தெரிந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோவுக்கு அனுப்பலாம். சிறு மருத்துவமனைகளைக் கேத் லேபுகளோடு இப்படி இணைத்துத் தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் ஆய்வு நடந்தது. ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் முடிவு வெளியானது. மலைக்கென்றே தைத்த சட்டை மாதிரி பொருந்தும் ஏற்பாடு இது. 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்று 14 மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இத்தனைக்கும் பாதையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2008இல் வெளியான ‘கிரியேட்’ ஆய்வின்படி, இந்தியாவில் வலி தொடங்கி மருத்துவமனை சேர ஆன இடைநிலை நேரம் 360 நிமிடங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து சேலத்துக்கு இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரம் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே கழிகிறது: வாயுப் பிடிப்பு என்று ஒரு சோடா, அப்புறம் சுக்குக் கஷாயம், விடியட்டும் பார்க்கலாம் என்று ஒரு தூக்கம்.