திருகைத் தொடுவதற்கு முன்

ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டையில் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம். தலைக்கு வலை, வெள்ளைக் கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது ஸ்பெக்ட்ரோமீட்டரை ஏற்கெனவே ஆன் செய்து வைத்திருந்தார்கள். லேம்ப் சூடேறி நிலைக்கு வரும்வரை எடுக்கிற ரீடிங் எதுவும் கணக்கில் சேராது.

என்னைக் கூட்டிப்போன சர்வீஸ் இன்ஜினீயர் மணப்பாறைக்காரர். பையிலிருந்து பஞ்சு வைத்த சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளே, வாயை உருக்கி மூடிய குவார்ட்ஸ் செல். பெர்குளோரிக் அமிலத்தில் கரைத்த 4 சதவீத ஹோல்மியம் ஆக்சைடு அதில் இருக்கிறது. ஜன்னலோரம் வெளிர் மஞ்சளாகத் தெரிந்தது, டியூப்லைட்டுக்குக் கீழே வந்ததும் இளஞ்சிவப்பாக மாறியது. கையில் வாங்கிப் பார்த்தேன். "சொரசொரப்பு பக்கமா பிடிங்க சார். கைரேகை பட்டா மெஷின் அதையும் சேர்த்து அளந்துரும்" என்றார்.

கருவியில் 257 என்று தட்டினால் திரையில் 257 என்றுதான் வரும். காரத்தில் கரைத்த பாராசிட்டமாலை அளக்கும் அலைநீளம் அது. ஆனால் உள்ளே, ஒளியை அலைநீளங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங்கைத் திருப்புவது ஒரு மோட்டாரும் திருகும். திருகு தேயும், கிரீஸ் காயும். கருவி உயிர் பெறும்போது டியூட்டீரியம் லேம்ப்பின் 656.1, 486.0 நானோமீட்டர் கோடுகளை வைத்துத் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அவை இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற சிவப்பும் நீலமும். மருந்து அளக்கிற வேலை பெரும்பாலும் புற ஊதாவில். அங்கே அந்த லேம்ப்பின் ஒளி பிடித்துக்கொள்ளக் கோடு எதுவுமின்றிப் பரவிக் கிடக்கிறது. ஹோல்மியம் தேவைப்படுவது அங்கேதான். 241.15, 287.15, 361.5 என்று அதன் உச்சங்கள் வரிசையாக நிற்கும். 1878-இல் இந்தத் தனிமத்தை முதலில் காட்டிக்கொடுத்ததே அது ஒளியை விழுங்கும் பட்டைகள்தான்.

ஸ்கேன் ஓடியது. எப்போதும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்குத்தான் ஓட்டுவாராம்; திசை மாறினால் திருகின் தளர்ச்சியும் அளவில் ஏறிவிடும். 287.15-இல் வரவேண்டிய உச்சம் 287.9-இல் நின்றது. மருந்துத் தர நூலான பார்மகோபியா புற ஊதாவில் 1 நானோமீட்டர் வரை பொறுக்கும்.

"பாஸ்தானே சார்?" என்றார் அங்கிருந்த அனலிஸ்ட்.

"பாஸ்தான் மேடம். ஆனா போன தடவை 287.3 இருந்துச்சே."

பழைய கோப்பைப் புரட்டிக் காட்டினார். பிறகு இப்போதைய ரீடிங்கைப் பிரிண்ட் எடுத்து அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மூடியைத் திறந்தார். திருகில் கிரீஸ் பழுப்பேறிக் கெட்டித்திருந்தது. துடைத்து, புதிதாக இட்டு, மறுபடி செட் செய்து ஓட்டினால் 287.2.

முக்கால் நானோமீட்டரில் என்ன போய்விடும்? மலையுச்சி தட்டையாக இருந்தால் ஓரடி தள்ளி நின்றாலும் உயரம் குறையாது, சரிவில் நின்றால் குறையும். உச்சத்தில் அளக்கும் பாராசிட்டமாலுக்குப் பெரிய நஷ்டமில்லை. இரண்டு மருந்து கலந்த மாத்திரை என்றால் கதை வேறு. ஒன்றின் உச்சத்தில் அளக்கும்போது மற்றது பெரும்பாலும் சரிவில் இருக்கும், அங்கே சதவீதம் நகர்ந்துவிடும்.

இந்தத் தொழிலில் பலர் செய்வது இதற்குத் தலைகீழ். வந்ததும் திருகைத் திருப்பிவிட்டு, அப்புறம் ஓட்டி, அழகான எண்ணை அச்சடித்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் கூப்பிட்டால் வேறென்ன நடக்கும்? என்னைக் கேட்டால், ஸ்டிக்கர் இனிமேல் வரப்போகிற அளவுகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். ஏற்கெனவே பாஸ் போட்டுக் கடைக்குப் போன மாத்திரைகளைப் பற்றிப் பேசுவது திருகைத் தொடுவதற்கு முந்தைய ரீடிங். 'ஆஸ் ஃபவுண்ட்' என்று அவர்கள் சொல்வது அதைத்தான்.

உங்கள் ஆய்வகத்துக்கு அடுத்த முறை கேலிப்ரேஷனுக்கு ஆள் வந்தால், சான்றிதழுக்கு முன்னால் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். போன தடவைத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.