மவுண்டிங்கும் மரக்கட்டையும்

காரின் இன்ஜின் வண்டியின் பாடியோடு நேராக முடுக்கப்படுவதில்லை. இரண்டுக்கும் நடுவே, கந்தகம் சேர்த்துச் சூட்டில் உரமேற்றி இரும்புத் தகட்டோடு பிரியாதபடி ஒட்டவைத்த ரப்பர்த் துண்டு ஒன்று இருந்து, இன்ஜினின் பாரத்தைத் தாங்குவதோடு அதன் நடுக்கம் உள்ளே ஏறாமலும் தடுக்கிறது. பட்டறைகளில் 'மவுண்டிங்' என்றே வழங்கும் இது, இன்ஜினைக் குறுக்காக வைத்த சிறிய கார்களில் பெரும்பாலும் மூன்றோ நான்கோ இருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி ஓடும் நிலையில், நிமிடத்திற்கு 750 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 25 முறை உதைக்கிறது. அந்த உதையை வாங்கிக்கொள்வது உள்ளங்கையில் அடங்கும் இந்த ரப்பர்தான். 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் கார்களில் ரப்பர் மவுண்டிங்குகளை 'ஃப்ளோட்டிங் பவர்' என்று பெயரிட்டுப் பெருமையாக விளம்பரம் செய்தது என்பதிலிருந்தே, அதற்குமுன் கார்கள் எவ்வளவு குலுங்கியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

பழைய உதிரிபாகங்களுக்குப் பேர்போன சென்னைப் புதுப்பேட்டையை ஒட்டிய பட்டறை ஒன்றில் மவுண்டிங் மாற்றும் வேலையை நேரில் காண முடிந்தது. அங்குள்ள மூத்த மெக்கானிக், 1983 இறுதியில் வெளிவந்த மாருதி 800 தெருவெங்கும் ஓடத் தொடங்கிய நாளில் ஹெல்பராக வந்தவர். மூன்று சிலிண்டர் இன்ஜின் இயல்பிலேயே தலைமாடு கால்மாடாக ஆடக்கூடியது என்பதால், மவுண்டிங்கின் குணம் அந்த வண்டியிலேயே அவருக்குக் கைவந்துவிட்டது. அன்று வந்த காரில் ஸ்டியரிங் நடுங்கியது, முதல் கியரில் கிளம்பும்போது 'டக்' என்று அடித்தது. அதற்குமுன் வேறிடத்தில் பிளக்கும் கிளட்ச் பிளேட்டும் மாற்றி உரிமையாளர் பணம் கொடுத்திருந்தார். மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. பேனட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஹெல்பரை உள்ளே உட்காரவைத்து, காலால் பிரேக்கை அழுத்தியபடி முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லிவிட்டு, தாம் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எழும்புவதையே பார்த்தார். கியர்பாக்ஸ் பக்கம் இரண்டு விரல்கடை எழும்பியது. டார்ச் அடித்தபோது ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தது தெரிந்தது. இன்ஜின் பக்கத்து மவுண்டிங்கோ மேலிருந்து சொட்டிய ஆயிலில் ஊறிக் கொழகொழத்திருந்தது. "ஒழுக்க அடைக்காம புதுசு போட்டா சீக்கிரமே திரும்பி வரும் தம்பி" என்று சொல்லி, முதலில் இன்ஜின் மேல்மூடியின் பேக்கிங்கை மாற்றினார். இயற்கை ரப்பருக்கு ஆயில் எமன் என்பது தெரியாமல் இவ்வேலையில் இறங்குவோர் இன்றும் உண்டு.

பேட்டரியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றுவது பல ரிப்பேர்களுக்கும் பொதுவானது. இவ்வேலைக்கே உரிய கருவி ஒரு மரக்கட்டை. ஒரு முழ நீளத்தில், ஆயில் குடித்துக் கறுத்து, ஜாக்கித் தலையின் வட்டம் நடுவில் பதிந்துபோன அந்தக் கட்டை, இன்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் சம்பின் கீழ் வைக்கப்படுகிறது. ஜாக்கியின் தலை நேராகப் பட்டால் சம்பு உள்வாங்கி, ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயை அடைத்து, இன்ஜினையே ஆயிலின்றிக் கொன்றுவிடக்கூடும். கட்டை பாரத்தைப் பரப்பிவிடுகிறது. ஜாக்கியை அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி நிறுத்தி, ஸ்பானரால் தளர்த்திய போல்ட்டை இரண்டு விரலால் திருகிப் பார்த்தார். அது தானாகச் சுழலும் அளவே தூக்க வேண்டும், அதற்குமேல் தூக்கினால் ஹோஸ்களும் ஆக்சிலும் இழுபடும். புதியவற்றை ஒவ்வொன்றாகப் போட்ட பிறகும் போல்ட்டுகளை இறுக்காமல், இன்ஜினை ஓடவிட்டுத் தானே தன் இடத்தில் அமரச் செய்து, அணைத்துவிட்டு, அதன் பின்னரே டார்க் ரெஞ்சால், அதாவது எவ்வளவு முறுக்கம் கொடுக்கிறோம் என்று காட்டும் ஸ்பானரால், முடுக்கினார். முறுகிய நிலையில் மாட்டப்படும் ரப்பர் புதிதாக இருந்தும் நடுக்கத்தைக் கடத்தும்.

இத்தனை நுட்பத்திற்கும் ரசீதில் இடமில்லை. மவுண்டிங் விலை, மாட்டுகூலி என்று இரண்டே வரிகள். வண்டியைக் கூட்டிவந்தவருக்குக் கமிஷன் உண்டு. கடினமான மட்ட ரப்பரில் செய்த டூப்ளிகேட்டை ஒரிஜினல் பெட்டியில் போட்டு விற்பவருக்குக் கொள்ளை லாபம் உண்டு. அந்த டூப்ளிகேட் வண்டியை மறுபடி நடுங்கவைக்கும்போது ஏச்சு மட்டும் மாட்டியவருக்கு வந்து சேர்கிறது. பழுதைக் கண்ணால் பார்த்தே கண்டவருக்கு அதற்கென ஒரு காசும் இல்லை என்பது அநியாயம், இதற்குச் சமாதானம் சொல்ல இடமே இல்லை. கார் வைத்திருப்போர் கழற்றிய பழைய மவுண்டிங்கைக் கேட்டு வாங்கி, எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரசீதில் 'பழுது பார்த்துச் சொன்ன கூலி' என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லி, அதற்கும் பணம் கொடுக்க வேண்டும்.