விடுதலைத் திருநாளில் மடு மாதாவின் வாசலுக்கு

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் திண்டுக்கல் சமவெளியின் பங்குகளில் இரு ஆயத்தங்கள் ஒருங்கே தொடங்கிவிடுகின்றன. பள்ளி முற்றத்தில் கொடிக்கம்பத்திற்கு வண்ணம் தீட்டப்படுகின்றது. ஆலயத்தில் அன்னையின் சப்பரம் துலக்கப்படுகின்றது. நிலக்கோட்டைச் சந்தையின் மல்லிகை மாதாவுக்கு மாலையாகின்றது. 15ஆம் நாள் காலையில் திருப்பலி முடிந்ததும் மக்கள் கலைந்து செல்லாமல் கொடியின் கீழ் கூடுகின்றனர். பாரதம் 1947இல் விடுதலை பெற்ற நாள், தேவதாயின் விண்ணேற்புத் திருநாளாகவும் அமைந்தது நமக்கு வாய்த்த பேறு. அவ்விண்ணேற்பைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 நவம்பர் 1ஆம் நாள் விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார்.

அரசு விடுமுறையும் திருநாளும் ஒன்றுகூடும் இவ்வேளையில், கடல் கடந்து ஒரு திருயாத்திரை சென்று வரலாமா எனச் சில குடும்பத்தினர் எண்ணுகின்றனர். அவர்கள் நினைவில் முதலில் எழுவது இலங்கையின் மன்னார் மறைமாவட்டத்திலுள்ள மடுத் திருத்தலம். ஜூலை 2ஆம் நாளும் ஆகஸ்டு 15ஆம் நாளும் அங்கே பெருவிழாக்கள். தமிழரும் சிங்களவரும் ஒரே அன்னையின் முன் முழந்தாளிட்டு, தத்தம் மொழியில் செபிக்கும் இடம் அது.

மடுவின் வரலாறு ஓடிவந்தோரின் வரலாறு. டச்சுக்காரர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த குடும்பங்கள் சில தங்கள் மாதா சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் அடைக்கலம் புகுந்தன. அச்சுரூபத்தைச் சுற்றியே திருத்தலம் வளர்ந்தது. 1924 ஜூலை 2ஆம் நாள் திருத்தந்தையின் பெயரால் அன்னைக்கு முடி சூட்டப்பட்டது. பின்னர் உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் அங்கே தஞ்சம் புகுந்தனர். 1999 நவம்பரில் ஆலய வளாகத்தில் குண்டுகள் விழ, தஞ்சமடைந்திருந்தோருள் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். 2008இல் சுரூபமே மடுவை விட்டு அகல நேர்ந்து, அதே ஆண்டில் திரும்பிவந்தது. 2015 ஜனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அத்தலத்திற்கு வந்து, அம்மக்களோடு செபித்தார்.

முற்காலத்தில் வழி எளிதாயிருந்தது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளின் கலவரங்களோடு நின்றுபோயிற்று. இன்று நமக்கு வழிகள் இரண்டு. ஒன்று, மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கொழும்புவரை விமானம். அங்கிருந்து மடுவுக்கு அரைநாள் தரைவழி. தலைமன்னார் இரயில் பாதையில் மடு வீதி என்னும் நிலையமும் உண்டு. மற்றொன்று, 2023 அக்டோபரில் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல். திருச்சி, தஞ்சை வழியாக நாகை சென்றால், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் அக்கரை சேரலாம். பின் யாழ்ப்பாணம் வழியே தெற்கு நோக்கிச் செல்லவேண்டும். காற்றும் மழையும் கப்பலை நிறுத்திவிடக்கூடும். எனவே திரும்பும் நாளில் ஒரு நாளேனும் இடைவெளி வைப்பது விவேகம்.

கடவுச்சீட்டு இல்லாதோர் ஆண்டுத் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிடட்டும். நம் பகுதிக்குரிய மண்டல அலுவலகம் மதுரையில் இருக்கின்றது. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களேனும் செல்லத்தக்கதா எனப் பார்க்கவேண்டும். இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதியின் விதிகள் அடிக்கடி மாறுவதால், சீட்டு வாங்குமுன் அவற்றை அறிந்துகொள்ள வேண்டும். ஆகஸ்டு 6ஆம் நாள் நவநாள் தொடங்கியதுமே யாத்திரிகர் திரளுகின்றனர். பலர் மரநிழலில் கூடாரமடித்துத் தங்குகின்றனர். முதியோரோடு செல்வோர் தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்யட்டும். 14ஆம் நாள் மாலை ஆராதனைக்கு மடுவில் இருக்க விரும்பினால், 13ஆம் நாளிலேனும் திண்டுக்கல்லை விட்டுப் புறப்படவேண்டும்.

அவ்வாறாயின் நம் கொடியேற்றத்திற்கு யார் நிற்பது? பெற்றோர் பலரின் தயக்கம் இதுவே; இது நல்ல தயக்கம். பள்ளியில் கொடிவணக்கப் பொறுப்புள்ள பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போக வேண்டாம். அத்தகைய குடும்பங்கள் ஜூலைத் திருநாளுக்குச் செல்லலாம். ஆகஸ்டில் செல்வோர், திருநாள் திருப்பலியில் நம் நாட்டுக்காகவும் அந்நாட்டுக்காகவும் சேர்த்து மன்றாடட்டும். பிறநாட்டு மண்ணில் நின்று சொந்த நாட்டை அன்னையிடம் ஒப்படைப்பதும் நாட்டுப்பற்றே.

புறப்படுமுன் செய்யவேண்டிய கடமை மற்றொன்றும் உண்டு. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கின்றது. அங்கே கட்டப்பட்ட 321 வீடுகள் 2022 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டன. 1983க்குப்பின் அலையலையாகக் கடல் கடந்து வந்தோரும் இந்நாட்டிலேயே பிறந்த அவர்தம் பிள்ளைகளும் இத்தகைய முகாம்களில் வாழ்கின்றனர். நாம் விடுமுறைக்குச் சென்று மீளும் அந்நாடு, அவர்கள் பிறந்த நாடு, அல்லது பெற்றோரின் நாடு. ஆயினும் அகதியாகப் பதிவு பெற்றவர் நம்மைப்போல் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு நான்கு நாள் போய்வர இயலாது. நாடு திரும்ப விழைவோர் அரசின் அனுமதி பெற்றே செல்லவேண்டும். மீண்டும் வருவது உறுதியன்று.

பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் நம்முடையது. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாம் புறப்படுகின்றோம். திரும்பிவந்து திறப்போம் என்பதில் நமக்கு ஐயமில்லை. அவர்களும் ஒருநாள் அவ்வாறே பூட்டிவிட்டுத்தான் வந்தனர். விடுதலை என்பது என்ன என்று பிள்ளைகள் கேட்டால், இதனையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

ஆகவே அன்பர்களே, யாத்திரைக்கு நாள் குறித்ததும் ஒரு ஞாயிறு மாலை குடும்பத்தோடு தோட்டனூத்துக்குச் சென்று வாருங்கள். மடுவில் ஏற்றவேண்டிய மெழுகுதிரி உண்டா, எந்த ஊருக்காகச் செபிக்கவேண்டும் என்று கேளுங்கள். அவ்வேண்டுதல்களைச் சுமந்து சென்று அன்னையின் திருவடியில் வையுங்கள். திரும்பி வந்ததும் அவர்களிடம் சென்று, கண்டதைச் சொல்லுங்கள். யாத்திரை அப்பொழுதுதான் நிறைவுபெறும்.